உழைப்புச் செம்மலின் புடலங்காய்

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் ஒரு பஸ் தரிப்பில் சந்தித்தால், பஸ் வருவதற்குள் அங்கே ஒரு சங்கம் பிறந்துவிடும். பலெர்மோ பஸ்களின் குணம் தெரிந்தவர்களுக்கு, அதற்குள் சட்டதிட்டம் அடங்கிய யாப்பும் எழுதி, இரண்டு உபகுழுவும் அமைத்து, ஒருவர் கோபித்துக்கொண்டு விலகியும் விடலாம் என்பது விளங்கும். அப்படிப் பிறந்தவற்றுள் மூத்தது பலெர்மோத் தமிழ் உழைப்பாளர் மேம்பாட்டு ஒன்றியம்.

ஒன்றியத்தின் நோக்கம் யாப்பின் முதல் வரியிலேயே இருக்கிறது: உழைப்பை உயர்த்துதல். உழைக்கிறவர்களை உயர்த்துவது பற்றி யாப்பில் ஒன்றும் இல்லை. அச்சுப்பிழையாக இருக்குமோ என்று யாரோ ஒருமுறை கேட்டபோது, அது பிழையில்லை, கொள்கை என்றார் தலைவர் றோபேட். அவர் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறந்து காற்றாடிக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்தாரானால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். உழைப்பைப் பற்றி அவரைப் போல உருக்கமாகப் பேச இந்த ஊரில் ஆளில்லை.

ஒன்றியத்தில் சைவக்காரரும் உண்டு, வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவரும் உண்டு. குத்துவிளக்கை முதலில் ஏற்றுவதா மெழுகுதிரியை முதலில் ஏற்றுவதா என்று தொடக்கத்தில் பெரிய பிரச்சினை இருந்தது. இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நெருப்புக்குச்சியை இரண்டு பேர் சேர்ந்து பிடித்து ஏற்றுகிறார்கள். இதனால் சில விரல்கள் சுட்டிருக்கின்றனவே தவிர ஒற்றுமை குலையவில்லை.

வருடா வருடம் கோடையில் ஒன்றியம் ஒரு விழா எடுத்து, ஓய்வறியா உழைப்பாளி ஒருவருக்கு ‘உழைப்புச் செம்மல்’ என்ற பட்டமும் பதக்கமும் கொடுக்கும். முதலில் அதைப் பெற்ற அருளையா, பெற்ற அடுத்த கிழமையே ஏணியிலிருந்து விழுந்தார். அடுத்ததாகப் பெற்ற யூலியானா அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்ததால் அவரைக் கதிரையோடு தூக்கித்தான் மேடையில் ஏற்றினார்கள். சென்ற வருடம் பெற்ற ஸ்ரீபன் மேடையிலேயே நித்திரையாகிப் போனார். பிரதம விருந்தினர் பொன்னாடையைப் போர்த்தியது அவருக்கு வசதியாக இருந்தது. சபையும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டது.

இந்த வருடம் செம்மலாகத் தெரிவு செய்யப்பட்டவர் சோதிலிங்கம். அவர் காலையில் விய லிபெர்த்தா என்ற பெரிய தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்கட்டடத்தின் படிகளைக் கழுவுவார். பின்னேரத்தில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது வசதியான இத்தாலிய அம்மா ஒருவர், வீட்டில் வேலை. மகளுடைய கலியாணத்தன்று காலையிலும் படி கழுவிவிட்டு வந்துதான் வேட்டி கட்டினார். தகைமையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. ஒன்றியம் அவரைத் தெரிவு செய்த அதே கிழமையில் அவர் பின்னேர வேலையை விட்டுவிட்டார்.

அதற்குக் காரணம் வெள்ளிக் கரண்டிகள். சிஞ்ஞோரா வீட்டில் ஒரு பெட்டி நிறைய வெள்ளிக் கரண்டியும் முள்ளும் கத்தியும் இருந்தன. அவற்றால் யாரும் சாப்பிட்டு சோதிலிங்கம் கண்டதில்லை. கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்து மினுக்கி, திரும்பத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். சிஞ்ஞோரா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். அடுத்த கிழமை திரும்ப எடுத்து மினுக்குவார். இப்படியே முப்பது வருடம் போனது. மாசி மாதத்தில் ஒருநாள், மினுக்கி முடித்த கரண்டியையே தான் திரும்பவும் மினுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். எது மினுக்கியது, எது மினுக்காதது என்று தெரியவில்லை. தெரியாதது பற்றிக் கவலையும் வரவில்லை. அவருக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

அவர் உடம்பால் களைத்திருக்கவில்லை. உடம்புக் களைப்புக்கு ஒரு தேத்தண்ணி போதும். இது வேறு. காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் ஈரச் சாக்கை எடுத்துப் போட்டதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது இறங்கவில்லை.

அவரும் மனைவியும் இருந்தது பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் நாலாம் மாடியில். கீழே சரோ என்ற சிசிலிக்காரனின் கார் திருத்தும் கராஜ். கராஜுக்குப் பின்னால் பழைய டயர்கள் குவிந்த வெறும் நிலம் ஒரு துண்டு கிடந்தது. அந்த மாசியில், ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது, சோதிலிங்கம் சரோவிடம் போய் அதைக் கேட்டார். சரோ எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, டயரை அப்பால் போட்டுவிட்டு என்னவென்றாலும் செய்துகொள் என்றான்.

சோதிலிங்கம் ஊரில் தோட்டக்காரர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர், மண்வெட்டி பிடித்ததில்லை. யூரியூப்பைப் பார்த்துப் பார்த்துக் கொத்தினார். கத்தரி வைத்தார், பயிற்றை என்ற நீளப் பயற்றங்காய்க் கொடியை ஊன்றினார், பாகல் போட்டார். சரோவின் பழைய இரும்புக் குழாய்களைக் கட்டிப் பந்தல் போட்டுப் புடலங்கொடி படரவிட்டார். ஒருநாள் விடிய எழும்பிப் போய்ப் பார்த்தபோது, பயிற்றை முளை மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு நின்றது. அவர் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் படி கழுவப் பிந்திப் போனார். வாழ்க்கையில் அவர் செய்த வேலைகளில், அடுத்தநாள் போய்ப் பார்க்கும்போது கூடியிருந்த வேலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அடுத்தநாள் திரும்ப ஊத்தையாகிவிடும்.

வைகாசி பிறந்ததும் முதல் புடலம் பிஞ்சுகள் தொங்கின. புடலங்காயைப் பிஞ்சிலேயே கவனிக்காவிட்டால் சுருண்டுபோகும் என்பது யாழ்ப்பாணத்தில் புடவைக்கடைக்காரருக்கும் தெரியும். நுனியில் நூல் போட்டு ஒரு சின்னக் கல்லைக் கட்டிவிட வேண்டும். பாரம் கூடினால் பிஞ்சு அறும், குறைந்தால் வளையும். சோதிலிங்கம் கல்லுக்குப் பதிலாகச் சரோவின் துருவேறிக் கறள் பிடித்த நட்டுகளைக் கட்டினார். சரோ பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அவனுடைய ஊரிலும் குக்குத்ஸா என்று நீளச் சுரைக்காய் ஒன்று உண்டு. அது தன்பாட்டில் தொங்கும்.

“பிஞ்சைக்கூட நீங்கள் சும்மா விடமாட்டீர்களா?” என்று இத்தாலியனில் கேட்டான். “பாவம், அதன் கழுத்திலும் பாரத்தைக் கட்டி வேலைக்கு விட்டுவிட்டாய்.”

சோதிலிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே அடுத்த நாள் சிஞ்ஞோராவிடம் போய், இனிப் பின்னேரங்களில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல அவர் இரண்டு கிழமையாகப் பஸ்ஸில் சொல்லிப் பழகியிருந்தார். ஏனென்றால் அவருக்கு நோய்போல ஒரு வருத்தம் உண்டு. ‘இல்லை’ என்ற சொல் அவருடைய வாயில் வராது. முப்பது வருடம் அவர் வேலை செய்ததில் பாதி உழைப்பு, மீதி இந்த வருத்தம்.

அதற்குப் பிறகுதான் ஒன்றியத்தின் தலைவர் றோபேட்டும் செயலாளர் கஜானனும் ஒரு பின்னேரம் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். கஜானன் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். ஒலிவாங்கியை ஒருமுறை கையில் கொடுத்தால் திருப்பி வாங்குவது கஷ்டம். சோதிலிங்கத்தின் மனைவி செல்வமலர் தேத்தண்ணி கொண்டுவந்தார். றோபேட் எழும்பி நின்று தொண்டையைச் செருமினார்.

“மதிப்புக்குரிய சபையோரே,” என்று தொடங்கினார். சபையில் சோதிலிங்கமும் செல்வமலரும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்தார்கள். உழைப்பின் மேன்மை பற்றி அவர் கொஞ்ச நேரம் பேசி, இவ்வாண்டின் செம்மல் இவரே என்று முடித்தார். கஜானன் தனியாகக் கைதட்டினான்.

சோதிலிங்கம் கூச்சத்தோடு சொன்னார்: “தலைவர், நான் பின்னேர வேலையை விட்டுட்டன்.”

“ஏன், சிஞ்ஞோரா செத்துப்போனாவோ?”

“இல்லை, அவ சுகமா இருக்கிறா.”

“அப்ப உங்களுக்கு ஏதும் வருத்தமோ?”

“எனக்கும் சுகம்தான்.”

றோபேட் கஜானனைப் பார்த்தார். சிஞ்ஞோராவும் சுகமாக இருந்து, வேலைக்காரனும் சுகமாக இருந்து, வேலை நின்றுபோன சம்பவம் ஒன்றியத்தின் அனுபவத்தில் இல்லை.

“அப்ப பின்னேரத்திலை என்ன செய்யிறியள்?”

“தோட்டம் செய்யிறன்.”

“ஆரின்ரை தோட்டம்?”

“என்ரை.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

றோபேட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அண்ணை, உங்கடை படத்தைப் போட்டு நோட்டீஸ் அடிச்சாச்சு,” என்றான் கஜானன். “பல்லரோவிலை எங்கடை கடை எல்லாத்திலையும் ஒட்டியாச்சு. கையிலை துடைப்பத்தோடை நிக்கிறியள். கீழை ‘ஓயாத கரம்’ எண்டு போட்டிருக்கு. இப்ப கரம் ஓய்ஞ்சு போச்சு எண்டால் என்னெண்டு அண்ணை?”

இதைத் தீர்க்க அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. விளக்கும் திரியும் ஏற்றப்பட்டு, கஜானனின் கட்டைவிரல் சுட்டு, விவாதம் தொடங்கியது. தோட்டம் செய்வதும் வேலைதானே என்று அருளையா ஒரு மூலையிலிருந்து கேட்டார். அவருடைய இடுப்பில் இன்னும் பட்டி கட்டியிருந்தது. றோபேட் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“வேலை எண்டால் என்ன எண்டு முதலிலை விளங்கவேணும்,” என்றார். “மற்றவன்ரை வீட்டிலை, மற்றவனுக்காக, மற்றவன் சொல்ற நேரத்துக்குச் செய்யிறதுதான் வேலை. தன்ரை சந்தோசத்துக்குச் செய்யிறது வேலையில்லை. அது ஒரு பழக்கம். சிகரெட் மாதிரி. எங்கடை சனத்துக்கு இஞ்சை ஒரு பேர் இருக்கு. மத்தியானம் இத்தாலியன் கடையைப் பூட்டிப்போட்டுப் படுப்பான். அவன் படுத்திருக்கிற நேரம் அவன்ரை வீட்டை நாங்கள் துடைப்பம். இதுதான் எங்கடை பெருமை. சோதியண்ணை மாதிரி எல்லாரும் சந்தோசமா இருக்க வெளிக்கிட்டால் இந்தப் பெருமை என்ன ஆகிறது?”

சபை யோசித்தது. சந்தோசத்தின் ஆபத்து அதற்கு முன்பு யாருக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. முடிவில் ஏகமனதாக ஒரு தீர்மானம் வந்தது. விழா முடியும்வரை சோதிலிங்கம் உழைப்பாளியாகவே இருக்க வேண்டும். அவரிடம் பின்னேர வேலை இல்லாததால் அந்த வேலையை ஒன்றியமே வழங்கும். பின்னேரங்களில் ஒன்றிய மண்டபத்தைக் கூட்டித் துடைக்கலாம். இது ‘கௌரவ உழைப்பு’ என்பதால் சம்பளம் என்ற அவமானம் அவருக்கு நேராது.

“என்ன சொல்லுறியள் அண்ணை?” என்று பின்வரிசையில் இருந்த சோதிலிங்கத்தைக் கேட்டார் றோபேட்.

சோதிலிங்கம் வாயைத் திறந்தார். வழக்கமான வருத்தம் தொண்டையில் வந்து நின்றது. “ஓம்,” என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் மண்டபத்தைக் கூட்டினார். விழாவுக்கான ஆயத்தக் கூட்டங்கள் அங்கேதான் நடந்தன. ஓயாத உழைப்பாளி ஒருவரை எப்படிக் கௌரவிப்பது என்று மேடை உபகுழு கூடும், பொன்னாடை உபகுழு கூடும், சிற்றுண்டி உபகுழு கூடிக் கூடிச் சிற்றுண்டியைச் சுவைத்தும் பார்க்கும். கூடியவர்கள் எழும்பிப் போனபிறகு அவர்கள் குடித்த கோப்பைகளைச் சோதிலிங்கம் கழுவுவார். பொன்னாடையின் நிறம் பற்றி ஒரு கூட்டம் முடிவின்றிப் போனதால் அந்தக் கோப்பைகளை இரண்டு தரம் கழுவ வேண்டியிருந்தது. பிரான்காச்சோவுக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கியிருக்கும். அவசர அவசரமாகத் தண்ணி ஊற்றிவிட்டு மேலே ஏறுவார்.

அதோடு நிற்கவில்லை. கஜானனுக்கு ஒரு விவரணப்படம் எடுக்கும் யோசனை வந்தது. மண்டபத்தில் துடைப்பதை எடுத்தால் வீட்டு வேலையின் உணர்ச்சி வரவில்லை என்றான். அவனே சிஞ்ஞோரா வீட்டு மணியை அடித்து, பணிவாக விஷயத்தைச் சொல்லி, ஒரேயொரு பின்னேரம் அனுமதி கேட்டான். சிஞ்ஞோராவுக்கு அதுவரை வேறு ஆள் கிடைக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. தமிழர்களுக்கு இப்படி ஒரு சங்கம் இருப்பது தெரிந்திருந்தால் முன்னமே முறையிட்டிருப்பேனே என்றார்.

அந்த ஒரு பின்னேரம் ஐந்து பின்னேரமாக நீண்டது. முதல்நாள் கமராவில் வெளிச்சம் போதவில்லை. அடுத்தநாள் கரண்டிகள் மினுங்கிய அளவுக்குச் சோதிலிங்கத்தின் முகம் மினுங்கவில்லை.

“அண்ணை, கொஞ்சம் வேர்க்கப் பாருங்கோ.”

“ஏசி போட்டிருக்குத் தம்பி.”

“அப்ப தண்ணி தெளிப்பம்.”

படம் பிடித்து முடிந்ததும் கஜானன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். சிஞ்ஞோரா, வந்ததுதான் வந்தாய் என்று யன்னல்களையும் காட்டுவார். சோதிலிங்கம் யன்னல்களையும் துடைத்தார்.

அந்தக் கிழமையில்தான் ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து கடலைத் தாண்டி வரும் சூட்டுக்காற்று அது. ஓர் அடுப்பைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்ததுபோல இருக்கும். பகலில் தண்ணி காணாத பயிற்றை முதலில் சுருண்டது. பாகல் மஞ்சளித்தது. சரோ தன்னால் முடிந்தவரை வாளியால் ஊற்றியிருந்தான். புடலம் பந்தலில் கட்டியிருந்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வாடி, நட்டுகளோடு கீழே விழுந்தன. வெள்ளிக்கிழமை வந்து பார்த்தபோது நிலம் முழுக்கக் கறள் நட்டுகள் கிடந்தன.

சோதிலிங்கம் அன்றைக்கு அழுதார். நாலு மாடியும் ஏறி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதார்.

“நான் உந்த விழாவுக்குப் போகேல்லை,” என்றார் மனைவியிடம். “நீர் அவையளுக்குச் சொல்லிவிடும்.”

செல்வமலர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் குசினியில் நாள் முழுக்க மீன் துப்புரவாக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவரும் கதிரையை இழுத்துப்போட்டு எதிரே இருந்தார்.

“இஞ்சருங்கோ,” என்றார். “உவங்கள் செய்யிறது கூத்துத்தான். எனக்குத் தெரியாதோ? ஆனால் இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் உங்களைக் கூப்பிட்டு நல்லவன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னதில்லை. அந்த மனிசி கரண்டியைத்தான் பாத்தது, உங்களைப் பாக்கேல்லை. ஒருக்கா மேடையிலை ஏறுங்கோ. நான் கீழை இருந்து பாக்கவேணும். அதுக்குப் பிறகு ஆர் கூப்பிட்டாலும் போகவேண்டாம்.”

அவர் சீலைகூட வாங்கி வைத்திருந்தார். சோதிலிங்கம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓம் என்றார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. அன்று விடியத் தோட்டத்துக்குப் போனவர் பந்தலின் உச்சியில், இலைகளுக்குள், ஒரேயொரு பிஞ்சு தப்பிக் கிடப்பதைக் கண்டார். விரல் நீளம்தான் இருக்கும். நுனி அப்போதே வளையத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே பாரம் கட்டாவிட்டால் பிறகு கட்டிப் பயனில்லை. அவர் நட்டும் நூலும் தேடத் தொடங்கும்போதே வெளியே கார் ஹோர்ன் அடித்தது. விழா மண்டபம் ஊத்தையாக இருக்கிறது, செம்மலைக் கையோடு கூட்டிவரச் சொன்னார் தலைவர் என்றான் கஜானன். செம்மல் தன்னுடைய விழாவுக்குத் தானே மண்டபம் கூட்டி, கதிரை அடுக்கி, மலசலகூடம் கழுவி, அங்கேயே முகம் கழுவிக் கோட்டுப் போட்டுக்கொண்டார்.

நாலு மணி என்று நோட்டீஸில் போட்டிருந்த விழா ஆறு மணிக்குத் தொடங்கியது. விளக்கும் திரியும் ஏறின. வரவேற்புரை வந்தது, ஆசியுரைகள் வந்தன, ஒற்றுமைக்காக இரண்டு இரண்டாக வந்தன. மேடை நடுவில் சோதிலிங்கம் கதிரை நுனியில் இருந்தார். மண்டபத்தின் மேற்கு யன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கண் அதிலேயே இருந்தது. பெருமிதத்தில் வானத்தைப் பார்க்கிறார் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

தலைவர் றோபேட் தலைமையுரைக்கு எழும்பினார்.

“ஒரு தமிழன் களைத்தான் என்று நாங்கள் எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறோமா?” என்று முழங்கினார். “இல்லை. ஏன்? நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.” கைதட்டல் எழுந்தது. “அருளையா அண்ணை ஏணியால் விழுந்தார். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தப் பண்பாடுதான் இந்த ஒன்றியத்தின் அத்திவாரம்.” அருளையாவும் கைதட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது மரியாதையில்லை.

பிரதம விருந்தினர் மிலானோவிலிருந்து வந்திருந்தார். அங்கே துப்புரவுக் கொம்பனி வைத்திருக்கிறவர். “நானும் துடைத்தவன்தான்,” என்று தொடங்கினார். “ஒரு மாரிகாலம் முழுவதும் துடைத்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் வந்தது. துடைப்பது பெரிதல்ல, துடைக்கிறவர்களைச் சேர்ப்பதுதான் பெரிது. உழைப்பு ஒரு மலை. எல்லாரும் ஏறினால் மலையைப் பார்த்து வியப்பதற்கு ஆளில்லாமல் போய்விடும். ஆகவே நாங்கள் சிலர் தியாகம் செய்து கீழே நிற்கிறோம்.” சபை உருகிப் போனது. கடைசியில் அவர் சோதிலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தி, மஞ்சள் றிபனில் கோத்த பித்தளைப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டார். சபையில் செல்வமலர் மட்டும் கண்ணைத் துடைத்தார். அவருடைய கண்ணீர் மலையைப் பற்றியதில்லை.

பிறகு ஏற்புரை. அதைக் கஜானன் முன்னமே எழுதி வைத்திருந்தான். தாளைக் கையில் கொடுத்து ஒலிவாங்கியை மனமில்லாமல் விட்டான். சோதிலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தார்.

“அவையோர்க்கு வணக்கம். எனக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது. களைப்பு என்றால் என்னவென்று தெரியாது. உழைப்புக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. ஆகவே இந்த விருதைக் கழுத்தில் தாங்கியபடியே, இந்த மேடையிலிருந்து நேரே நான் என் வேலைக்குப் போகின்றேன்.”

அந்த இடத்தில் நின்றார். அந்த வரியைத் தனக்குள் திரும்ப ஒருமுறை வாசித்தார். யன்னலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

“அப்ப நான் போயிட்டு வாறன்,” என்றார்.

மேடைப் படியால் இறங்கி, நடுவழியே நடந்து, பொன்னாடையும் பதக்கமுமாக மண்டப வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

மண்டபம் முழுவதும் வாசல் பக்கம் திரும்பியது. பிறகு ஒருவர் எழும்பினார், இருவர் எழும்பினார்கள், முழுச் சபையும் எழும்பி நின்று கைதட்டியது. விருது வாங்கிய கையோடு வேலைக்குப் போகிற மனிதனை யார் கண்டது? பிரதம விருந்தினர் தனக்குப் போர்த்திய பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்தார். “இதுதான் ஒன்றியம்,” என்று றோபேட் தழுதழுத்தார். கஜானன் அதை ஐந்து கோணத்தில் படம் எடுத்தான். செல்வமலர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் குலுங்கினார். பாவம், பெருமையில் அழுகிறா என்று பக்கத்துக் கதிரைக்காரி தோளில் தட்டிக் கொடுத்தார்.

அதிசயமாக அன்றைக்குப் பஸ் உடனே வந்தது. சோதிலிங்கம் கராஜுக்குப் பின்னால் போய்ச் சேரும்போது பந்தலின் உச்சியில் மட்டும் வெளிச்சம் நின்றது. பிஞ்சு அப்படியே இருந்தது. காலையில் கண்டதைவிடக் கொஞ்சம் வளைந்திருந்தது, ஆனால் இன்னும் இளசு. பொன்னாடையைக் குழாயில் போட்டுவிட்டு, விழுந்துகிடந்த நட்டுகளில் ஒன்றைத் தேடிக் குனிந்தார். கழுத்திலிருந்து ஏதோ ஆடி வந்து அவருடைய மூக்கில் இடித்தது.

நிமிர்ந்து அதைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். பாரம் கணக்காக இருந்தது. பிஞ்சு அறாது, வளையவும் விடாது. கட்டுவதற்கு றிபனும் அதிலேயே இருந்தது. பழைய டயர் இரண்டை அடுக்கி மேலே ஏறி, பிஞ்சின் நுனியில் றிபனை நோகாமல் முடிந்தார். உழைப்புச் செம்மல் என்று பொறித்த பித்தளை காற்றில் மெல்லச் சுழன்றது. பிஞ்சு கொஞ்சம் யோசித்துவிட்டு நேரே தொங்கியது.

டயரால் இறங்கும்போது கைபேசி அடித்தது. கஜானன்.

“அண்ணை, கலக்கிப் போட்டியள். சனம் இன்னும் உங்களைப் பற்றித்தான் கதைக்குது. சரி, இப்ப எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிட்டினம். ஹோலைக் கூட்ட ஒருத்தரும் இல்லை. எத்தினை மணிக்கு வருவியள்?”

சோதிலிங்கம் பந்தலைப் பார்த்தார். தொண்டையில் வழக்கமாக வந்து நிற்கிறது இன்றைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, என்ன நினைத்ததோ, தானாகவே இறங்கிப் போனது.

“இல்லைத் தம்பி,” என்றார். “நான் இப்ப வேலையிலை நிக்கிறன்.”

செல்வமலர் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார், புதுச் சீலையோடும் விழாச் சிற்றுண்டியில் ஒரு பெட்டி றோல்ஸோடும். பந்தலை அண்ணாந்து பார்த்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் டயரில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டார்கள். சரோ யன்னலால் எட்டிப் பார்த்து, யாருக்குக் கலியாணம் என்று கேட்டான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தப் புடலங்காய் ஒரு மனிதனின் கை நீளத்துக்கு, கோடு கீறியதுபோல நேராக வளர்ந்தது. செல்வமலர் பருப்புப் போட்டுக் கறி வைத்தார். சரோவுக்கும் ஒரு கிண்ணம் போனது. ஷிரோக்கோ நின்று, பந்தலில் புதுப் பிஞ்சுகள் விட்டிருந்தன. காய் பறித்த அன்றைக்கே சோதிலிங்கம் பதக்கத்தை அவிழ்த்து அடுத்த பிஞ்சில் கட்டினார். ஒன்றியம் விரும்பியபடியே, அதற்கு ஒருநாள்கூட விடுமுறை கிடைக்கவில்லை.